சிவப்புப் பட்டையின் மேல் சிமென்ட் எதற்கு?

மலைப்பாதைப் பணிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். புனேக்கு மேற்கே சஹ்யாத்ரி முகட்டுப் பாதையில் நீங்கள் போட்ட சிமென்ட் படிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த முகடு என்று உங்களுக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் கொடுத்த மனு உங்களிடம்தான் இருக்கிறது.

பாதி ஏற்றத்தில் கருப்புப் பாறைகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை ஓடுகிறதே, பார்த்திருப்பீர்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியது. ஓர் அடுக்கு ஆறி, அதன் மேற்பரப்பு மக்கி மண்ணான பிறகு அடுத்த குழம்பு வந்து அதைச் சுட்டது. அந்த மண்தான் இந்தப் பட்டை. மேலேயுள்ள பசால்ட் பாறையின் (குழம்பு ஆறி இறுகிய கருப்புப் பாறை) விரிசல்களில் இறங்கும் மழைநீர், களிமண்ணான இதைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் கசியும். ஊற்று அங்கேதான். கீழ் ஊர்ப் பெண்கள் குடத்தோடு ஏறி வருவதும் அங்கேதான்.

உங்கள் ஒப்பந்தக்காரர் சரியாக அதன்மேல் படி கட்டியிருக்கிறார். முதல் மழையிலேயே அடிமண் கரைந்துவிட்டது. படிகள் இப்போது அந்தரத்தில் நிற்கின்றன. தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு இறங்கும் பெண்கள் ஒவ்வொரு படியையும் காலால் தட்டிப் பார்த்து, அப்புறம்தான் முழுக்க மிதிக்கிறார்கள். முன்பு பாறை விளிம்புகளே படியாக இருந்தன. யாரும் தட்டிப் பார்த்ததில்லை.

அந்தச் சிமென்ட்டை எடுத்துவிடுங்கள்.

படியோடு விட்டீர்களா என்றால் அதுவும் இல்லை. வாயுக் குமிழிகள் விட்டுப்போன துளைகளில் வெள்ளை சியோலைட் படிகங்கள் மின்னும் பாறைமேல் மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி. பக்கத்திலேயே, அதே பெயிண்டில், ‘இயற்கையைக் காப்போம்’. உச்சியில் ‘செல்ஃபி பாயின்ட்’ பலகை. காலடியில் இருப்பது எரிமலைக் குழம்பு என்று சொல்லத்தான் பலகை கிடைக்கவில்லை போலும். பஞ்சகனி, மகாபலேஷ்வர் பகுதியின் இதே தக்காணப் பாறைகள் 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். பட்டியலில் இல்லாத பாறை என்ன, நேற்று முளைத்ததா?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். சிவப்புப் பட்டைமேல் போட்ட சிமென்ட்டை ஜூன் மழைக்கு முன் அகற்றித் தாருங்கள். அடுத்த டெண்டர் விடும் முன் ஒரு நிலவியலாளரையும், அந்த ஊற்றில் நீர் எடுக்கும் பெண்களில் ஒருவரையும் அழைத்துப்போய் இடத்தைப் பாருங்கள். நீங்களும் கூட வந்தால் நல்லது.

இப்படிக்கு,
அந்த முகட்டில் நடக்கும் ஒரு புனேத் தமிழன்