எங்கட பள்ளிக்கூடத்துக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

வணக்கம். ஓஎல், அதாவது பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. அன்றைக்கே எழுத நினைத்தேன், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்து முடிக்கவே நாள் போய்விட்டது. பெயரைப் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள், அதனால் ஒரு பெயரும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே விளங்கும்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பதினோராம் ஆண்டோடு எங்களிடம் படிப்பு முடிந்துவிடும், உயர்தரத்துக்கு பஸ் ஏறித்தான் போகவேண்டும். நான் மாற்றலாகி வந்த புதிதில், கோயிலடியில் நின்ற எங்கள் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியிடம் யாரோ ஒரு அம்மா "எந்தப் பள்ளிக்கூடம் பிள்ளை?" என்று கேட்டார். அவள் ஊரின் பெயரைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லவில்லை. தலையையும் குனிந்துகொண்டாள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2009இல் ஊரே இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமில் கிடந்து, திரும்பி வந்து மரத்துக்குக் கீழேயும் தகரக் கொட்டிலிலும் மறுபடி தொடங்கிய பள்ளிக்கூடம் இது. அதன் பெயரைச் சொல்ல ஒரு பிள்ளை வெட்கப்படுகிறாள் என்றால் பிழை அவளில் இல்லை.

"இந்தப் பிள்ளையள் படிக்காதுகள் சேர், வீணா மினைக்கெடாதேங்கோ" என்று எனக்குப் புத்தி சொன்னவர்களும் இருந்தார்கள். வன்னிப் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. விடிய எழும்பி மாடு அவிழ்த்து, தண்ணீர் அள்ளி, தம்பி தங்கச்சியை வெளிக்கிடுத்தி, நான்கு கிலோமீற்றர் சைக்கிள் உழக்கி வருகிற பிள்ளையைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? தாங்கள் படித்தாலும் விட்டாலும் யாருக்கும் அது தெரியப்போவதில்லை என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த நினைப்பை மாற்றியவர்கள் நீங்கள்.

முதலில் ஓய்வுபெற்ற எங்கள் பெரிய சேருக்கு. பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்துப் போட்டி வைத்துக் கொடுக்கிற இல்லப் புள்ளி என்றால் மெய்வல்லுநர் போட்டிக்கும் இல்ல அலங்காரத்துக்கும் மட்டும்தான் என்று நாங்கள் வைத்திருந்தோம். "படிப்புக்கும் குடுங்கோ, ஆனா முதலாம் பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ, போன தவணையை விட எத்தினை கூட எடுத்ததோ அதுக்குக் குடுங்கோ" என்று சொன்னது நீங்கள்தான். இதைக் கேட்டு ஒரு தகப்பன் கோபித்துக்கொண்டு வந்தார், தன் மகள் எப்போதும் 90க்கு மேல் எடுக்கிறவள், அவள் எங்கே போய்க் கூட எடுப்பது என்று. நியாயமான கேள்விதான். அப்புறம், கெட்டிக்காரப் பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பிள்ளை ஏறினால் இரண்டு பேருக்கும் புள்ளி என்று மாற்றினோம். அதோடு விறாந்தையே மாறிப்போனது. இடைவேளையில் சோடி சோடியாக இருந்து கணக்குச் செய்தார்கள். கணிதத்தில் 11 புள்ளி எடுத்த பையன் ஒருவன் அடுத்த தவணை 19, அதற்கடுத்த தவணை 28 எடுத்தான். அந்த 28ஐ வாசித்தபோது அவனுடைய இல்லம் முழுக்க எழும்பிக் கைதட்டியது. 35க்குக் கீழே என்றால் டபிள்யூ, சித்தியில்லை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தட்டினார்கள். ஓஎல்லில் அவனுக்கு 'எஸ்', சாதாரண சித்தி. கணிதத்தில் சித்தி இல்லாவிட்டால் உயர்தர வாசலில் தடக்குப்படும் என்பதால், அவன் வீட்டில் அந்த ஓர் எழுத்துக்குப் பொங்கிப் படைத்தார்கள்.

சந்தித் தேநீர்க்கடை ஐயா, உங்களுக்கு என்ன சொல்வது? பழைய கதவொன்றுக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துக் கடை வாசலில் சாத்திவைத்தீர்கள். நாளுக்கு ஒரு கடந்தகால வினா அதில் எழுதினோம். விடையைத் துண்டில் எழுதி பிஸ்கட் பேணியில் போட்டுவிட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு ஓடிவந்தார்கள். ஒருநாள் கூட்டுவட்டிக் கணக்கு. தேத்தண்ணி குடிக்க வந்த தகப்பன்மார், உழவு இயந்திரத்துக்கு லீசிங் கட்டிக்கட்டி நொந்தவர்கள், கணக்கைப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஆள் விவாதம். பள்ளியை ஒன்பதாம் ஆண்டோடு விட்ட ஒரு அண்ணாவின் விடைதான் அன்றைக்குச் சரி. அவருடைய மகன் எங்கள் எட்டாம் ஆண்டில் இருக்கிறான். மறுநாள் காலைக் கூட்டத்தில் அதைச் சொன்னபோது அந்தப் பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் ஐயா.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து சனிக்கிழமைகளில் வந்து விஞ்ஞானமும் ஆங்கிலமும் படிப்பித்த பழைய மாணவர்களுக்கு நன்றி. ஏ9 வீதியால் மாங்குளம் வரை வந்து, அங்கிருந்து மற்ற பஸ்ஸுக்கு நின்று, வெயிலில் காய்ந்து வந்தீர்கள். பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 சதவீதம் ஒதுக்கியிருப்பதையும், முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மன்னாரும் வவுனியாவும் அதில் இருப்பதையும் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினீர்கள். அதைக் கேட்ட ஒருத்தி "அப்ப எங்களுக்கும் ஒரு கதிரை கிடக்கு" என்றாள். நான் படிப்பித்ததை விட அந்த ஒரு மணித்தியாலம் கூட வேலை செய்தது.

பின்னேர வகுப்பு முடிய இருட்டிவிடும், யானை இறங்குகிற பாதை. லாண்ட்மாஸ்டரில், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில், பிள்ளைகளை ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்ட தம்பிமாருக்கு, டீசலுக்குக் காசு தந்தபோது வாங்காத உங்கள் மனதுக்கு, நன்றி. கஞ்சி காய்ச்சிய அம்மாமார், இல்லக் கொடிகளைக் கூலியில்லாமல் தைத்துத் தந்த தையல்கடை அக்கா, 2022இல் கொப்பி விலை ஏறிப் பெற்றோர் திண்டாடியபோது வெளிநாட்டிலிருந்து கொப்பிக்குக் காசு அனுப்பிய பழைய மாணவர்கள், எல்லாருக்கும் நன்றி.

இனி அம்மம்மா. எங்கள் பாடசாலைக் கீதம் இடப்பெயர்வில் தொலைந்துபோனது. ஒரு தாளும் மிஞ்சவில்லை. முதல் நான்கு வரி மட்டும் யாரோ சொல்லக் கேட்டு எழுதிவைத்திருந்தோம், அதையும் பிள்ளைகள் முணுமுணுத்துவிட்டு இருந்துவிடுவார்கள். எங்கள் பாடசாலையில் படித்த அம்மம்மா ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மூன்று மாணவர் தலைவிகள் கொப்பியும் பேனையுமாகப் போனார்கள். முதலில் "எனக்கு மறந்துபோச்சு மோனை" என்றார். பிறகு வெற்றிலைத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணை மூடி, விரலால் தாளம் போட்டார். மூன்று தரம் சறுக்கி, நான்காம் தரம் முழுப்பாட்டும் வந்தது, குளத்தையும் வயலையும் பற்றிய கடைசிப் பகுதி உட்பட. பிள்ளைகள் அழுதுகொண்டுதான் எழுதினார்கள், மைகூட அங்கங்கே கரைந்திருக்கிறது. அந்தத் தாளை அதிபர் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். இப்போது தண்டவாளத் துண்டில் மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று பாடுகிற சத்தம் சந்திவரை கேட்கிறது என்று கடை ஐயா சொல்கிறார்.

கோயிலடியில் தலைகுனிந்த அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள், வேறு பாடசாலையில். தன் கொப்பி எல்லாவற்றிலும் உள் அட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறாளாம்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் உங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நன்றி சொல்ல ஆசைப்படுகிறார்கள். வயலில் வேலை இருக்கும், தெரியும், ஒரு அரை மணித்தியாலம் வந்துபோங்கள். அம்மம்மாவுக்கு முன்வரிசையில் கதிரை போட்டாயிற்று. அவரை லாண்ட்மாஸ்டரில் ஏற்றிவரத் தம்பிமார் ஏற்கெனவே நேரம் சொல்லிவிட்டார்கள்.