கற்பூரம் மூச்சுக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சுற்றுலாப் பக்கத்தில் காஷ்மீரின் குல்மார்க் கேபிள் கார் பற்றி எழுதியவர், குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் மூச்சு வாங்கினால் முகரக் கொஞ்சம் கற்பூரமும் போதும் என்று முடித்துவிட்டார். தாத்தா பாட்டியோடு குடும்பமாகக் கிளம்புகிறவர்களுக்கு அது போதாது.

ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரம், குல்மார்க் 2,650. கேபிள் கார் அங்கிருந்து இரண்டு கட்டமாக ஏறுகிறது; இரண்டாம் கட்டமான ஃபேஸ் 2 முடியும் நிலையம் 3,900 மீட்டரையும் தாண்டியது. அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே குறைகிறது. கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது.

ஆகவே விமானம் இறங்கிய அன்றோ மறுநாள் காலையோ மேலே ஓட வேண்டாம். ஸ்ரீநகரில் இரண்டு இரவு தங்கிவிட்டுப் போங்கள். மேலே ஒரு மணி நேரம் தாராளம். பனியைக் கண்டதும் பிள்ளைகள் ஓடுவார்கள், பின்னாலேயே பெரியவர்களும் ஓடுவார்கள். மூச்சு வாங்குவதும் தலைசுற்றுவதும் அப்போதுதான். உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே தெரியும் என்பதால், இரவுத் தூக்கத்துக்கு ஸ்ரீநகருக்கே இறங்கிவிடுவது நல்லது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் ஃபேஸ் 2 டிக்கெட் எடுக்க வேண்டாம். கொங்டூரியில், அதாவது ஃபேஸ் 1 முடியும் இடத்தில், உட்கார்ந்து டீ குடித்தாலும் மலை தெரியத்தான் செய்கிறது.

குளிர் விஷயம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஸ்ரீநகரில் 28 டிகிரி என்றால் மேலே 14 இருக்கலாம். ஊட்டி குளிர்தானே என்று தோன்றும். ஆனால் அங்கே மரமே கிடையாது, காற்று நேராக அடிக்கும். ஸ்வெட்டர் வழியாகக் காற்று புகுந்துவிடும், அதன்மேல் ஒரு விண்ட்சீட்டர் வேண்டும். பனியில் உட்கார்ந்த ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. கம்பூட், கோட் எல்லாம் குல்மார்க் போகும் வழியில் தங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும். பூட்டைப் போட்டு நாலடி நடந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள். கூலிங் கிளாஸ் அலங்காரத்துக்கு அல்ல. பனி வெயிலைத் திருப்பி முகத்தில் அடிப்பதால் கண் எரியும், மூக்கின் அடிப்பக்கம்கூடக் கறுக்கும்.

மதியத்துக்கு மேல் மேகமும் காற்றும் கூடும் என்பதால் காலை டிக்கெட்டே எடுங்கள். காற்று பலமானால் ஃபேஸ் 2-ஐ நிறுத்திவிடுவார்கள். கவுண்டரில் சண்டை போட வேண்டாம்: 2017 ஜூனில் பலத்த காற்றில் மரம் சாய்ந்து கேபின் ஒன்று விழுந்து ஏழு பேர் இறந்தது இதே கேபிள் காரில்தான்.

குல்மார்க்கில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கேபிள் கார் நிலையம் ரொம்பத் தொலைவு என்பார்கள் குதிரைக்காரர்கள். சுமார் ஒரு கிலோமீட்டர்தான், மெதுவாக நடக்கலாம். டிக்கெட்டை மட்டும் ஊரிலேயே அச்செடுத்துக்கொள்ளுங்கள். நம் ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் எடுக்காது. போஸ்ட்பெய்டு இல்லாதவர் வாசலில் நின்று போனைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை