கேட்டில் நிறுத்தாமல் உள்ளே விட்டவர்களுக்கு

பணியாளர் பிரிவு, கணினி மையம், நூலகம், ஆய்வுப் பிரிவு, நிதிப் பிரிவு நண்பர்களுக்கும், காட்பாடி வழி பஸ் ஓட்டுநருக்கும், கேட்டில் நிற்கும் தம்பிகளுக்கும், நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஓய்வுபெற்ற எங்களுக்குப் பணி நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்தியவர்களுக்கு மேடையிலேயே நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் அதற்கு மறுநாளிலிருந்து உதவியவர்களுக்கு. பேர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் முன்பே சொல்லிவிட்டதால், ஆளைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்கிறோம். ராணிப்பேட்டை, குடியாத்தம், வாணியம்பாடி பக்கக் கல்லூரிக்காரர்கள் யாராவது படித்தால், அவர்களும் எடுத்துச் செய்யட்டும்.

பல்கலைக்கழகத் தொடர்பு அறுவது, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்கும் ‘நோ டியூஸ்’ படிவத்தில்தான். நூலக அட்டை ஒப்படைப்பு, அடையாள அட்டை ஒப்படைப்பு, அறைச் சாவி ஒப்படைப்பு என்று ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு கதவு சாத்தப்படும். எல்லாக் கையெழுத்தும் விழுந்தால்தான் பென்ஷன் கோப்பு நகரும் என்பதால் யாரும் தயங்கவும் முடியாது. பணியாளர் பிரிவு செய்தது பெரிய காரியம் இல்லை. அதே படிவத்தின் பின்னால் இன்னொரு தாளைப் பின் குத்தி வைத்தது. ஓய்வுபெற்றோர் அட்டை, நூலக உறுப்பினர், வண்டி பாஸ் மூன்றுக்கும் ஒரே விண்ணப்பம், இரண்டு போட்டோ. பழைய அட்டையை வாங்கிக்கொள்ளும் மேசையிலேயே புது அட்டை கிடைத்துவிடும். முதலில் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்று இருந்தது. அது ஜூன் மாதம் அட்மிஷன் நெருக்கடியில் காலாவதியாகும், புதுப்பிக்கக் கையும் ஓடாது. இப்போது ஐந்து வருடம். அட்டையில் பெயர், கடைசியாகப் பார்த்த பதவி, துறை, ரத்த வகை, வீட்டில் ஒருவருடைய போன் நம்பர் இவ்வளவுதான். ஆதார் எண்ணும் பென்ஷன் ஆணை எண்ணும் வேண்டுமென்றே விடப்பட்டன. பஸ்ஸில் தவறவிட்டால் கவலைப்பட ஒன்றும் இல்லை.

கணினி மையத்தார்மேல் எங்களில் சிலருக்குக் கோபம் இருந்தது உண்மை. ஓய்வுபெற்றதும், கூகுளில் ஓடும் பல்கலைக்கழக மின்னஞ்சலை ஏன் நிறுத்துகிறார்கள் என்று கேட்டோம். காரணத்தை உட்காரவைத்து விளக்கினார்கள். கல்வி நிறுவனங்களுக்குக் கூகுள் முன்பு அளவில்லாமல் இடம் கொடுத்தது. 2022-இலிருந்து நிறுவனம் முழுமைக்கும் சேர்த்து அடிப்படையாக 100 டெராபைட் என்று வரம்பு வந்துவிட்டது. ஓய்வுபெற்றவரின் இருபது வருட இணைப்புக் கோப்புகள் உட்கார்ந்திருக்கும் இடம், புதிதாகச் சேரும் மாணவரின் இடம். இது தெரிந்தபின் கோபம் போய்விட்டது. 90 நாள் அவகாசமும், அந்த நாட்களில் எதை முதலில் செய்ய வேண்டும் என்ற தாளும் கொடுத்தார்கள். அந்த வரிசை முக்கியம்.

கடிதங்களை எடுப்பது முதல் வேலை இல்லை. எந்தெந்தக் கணக்குக்கு அந்த மின்னஞ்சலில் ஓடிபி வருகிறதோ, அவற்றை மாற்றுவதுதான் முதல் வேலை. வங்கி, டிஜிலாக்கர், ஆய்வாளருக்கான அடையாள எண் தரும் ஆர்கிட். ஆர்கிட் எண் ஆளோடு வாழ்நாள் முழுக்க வருவது, நிறுவனத்தோடு போவதில்லை. ஆனால் அதில் பல்கலைக்கழக முகவரி ஒன்று மட்டும் இருந்தால், கடவுச்சொல் மறந்த அன்று வாசல் அடைபட்டுவிடும். சொந்த முகவரியையும் சேர்த்து, அதையே முதன்மை ஆக்கிவிட வேண்டும். நம் கட்டுரைகளைப் பட்டியலிடும் கூகுள் ஸ்காலர் பக்கம் இன்னும் வம்பு. பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்து தொடங்கிய பக்கம் அந்தக் கணக்கோடு போய்விடும். சொந்த ஜிமெயிலில் புதிதாகத் தொடங்கி, நிறுவன முகவரியைச் சரிபார்ப்புக்கு மட்டும் கொடுக்க வேண்டும். அதையும் அந்த முகவரி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும்.

அடுத்துதான் டேக்அவுட், அதாவது கூகுள் கணக்கில் உள்ளதையெல்லாம் இறக்கிக்கொள்ளும் வசதி. அது கோப்புகளைத் துண்டுதுண்டாகத் தரும். தொடக்க அமைப்பில் ஒரு துண்டு 2 ஜிபி. இறக்கும் இணைப்பு சில நாளில் காலாவதி ஆகும் என்பதால், வீட்டு வைஃபையில் இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிட்டால் போதாது, காலையில் எத்தனை துண்டு வந்தது என்று எண்ண வேண்டும். இன்னொன்று பலருக்கும் தெரியாது. நாம் உருவாக்கி மாணவரோடு பகிர்ந்த கூகுள் கோப்புகள் நம் கணக்கோடு அழியும், மாணவர் கையில் வெறும் இணைப்பு மிஞ்சும். அவற்றை மட்டும் தனியாகப் பிரித்து உரிமை மாற்றிக் கொடுத்த அந்த இளைஞருக்கு, இரண்டு ஆய்வேடுகளின் தரவு இன்று இருப்பதற்கான நன்றி.

நூலகத்தாருக்கு எவ்வளவு எழுதினாலும் தகும். ஓய்வுபெற்றவர் வீட்டிலிருந்து ஆய்விதழ் படிக்க முடியாததற்கு நூலகர் காரணம் இல்லை. பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தம் பெரும்பாலும் பணியிலுள்ளோரையும் படிப்போரையும்தான் கணக்கில் வைக்கிறது. ஆனால் பல ஒப்பந்தங்களில் நூலகத்துக்குள் நேரில் வந்து அமர்பவர் படிக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்படி இரண்டு கணினிகளை எங்களுக்கென ஒதுக்கினீர்கள். எழுத்தைப் பெரிதாக்கி வைத்தீர்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியை எடுத்துவிட்டுக் கைப்பிடி உள்ளதைப் போட்டீர்கள்; முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருக்க அந்தக் கைப்பிடிதான் துணை. பழைய பதிப்புகளின் அடிக்குறிப்புக்காக மேசைக்காலில் கயிறு கட்டி ஒரு லென்ஸ். வீட்டிலிருந்தே படிக்க, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளம், தேசிய மின்னூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றைத் திறந்து காட்டியதும் நீங்கள்தான். இவற்றுக்கு யாருடைய ஒப்பந்தமும் வேண்டாம்.

புத்தக அன்பளிப்பில் நீங்கள் ‘வேண்டாம்’ சொன்னதற்கும் நன்றி. ஓய்வுபெற்றதும் வீட்டுப் பரணைக் காலி செய்து ஆட்டோவில் ஏற்றி நூலக வாசலில் இறக்குவது எங்கள் இனத்தின் வழக்கம். அதில் பாதி பழைய பாடத்திட்ட நூல், மீதியில் கொஞ்சம் செல்லரித்தது. ஒரு செல்லரித்த கட்டு அலமாரி முழுக்கப் பரவும். அதனால் நீங்கள் வைத்த முறை: முதலில் பட்டியல், அதில் ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு. நூலகம் இருப்போடு ஒத்துப்பார்த்து, வேண்டியதற்கு மட்டும் குறியிடும். மிச்சம் விடுதிக்கு. பூச்சி போகட்டும் என்று மொட்டை மாடியில் காயவைக்கிறவர்களுக்கு நீங்கள் சொன்னதை இங்கே திரும்பச் சொல்கிறோம்: வேலூர் மே மாத வெயிலில் போட்டால் பசை வெடித்து முதுகு பிரியும், தாள் அப்பளம் ஆகும். நிழலில் விரித்து நிறுத்தி, பக்கங்களைக் காற்றாட விட்டால் போதும்.

ஆய்வுப் பிரிவுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 பிஎச்.டி. விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருந்தால் புதிய ஆய்வாளரை எடுக்கக் கூடாது. ஏற்கெனவே பதிந்தவருக்கு ஓய்வு நாள் வரை நெறியாளர், அதன்பின் இணை நெறியாளர், அதுவும் 70 வயது வரை. சிக்கல் விதியில் வருவதில்லை, தேதியில் வருகிறது. நெறியாளர் மாற்றக் கடிதம் ஓய்வு நாளுக்கு முன் போகாவிட்டால் ஆய்வாளருக்குக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். ஆறு மாதம் முன்பே ஆய்வு ஆலோசனைக் குழுவைக் கூட்டி, புதிய நெறியாளரின் ஒப்புதலோடு நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லி நினைவூட்டியது உங்கள் பிரிவு. பொறுப்பேற்ற இளம் நெறியாளர்களுக்கும் ஒரு வார்த்தை: எங்களில் சிலர் பழைய நாற்காலியை விட மனமில்லாமல் உங்கள் கூட்டங்களில் அளவுக்கு மீறிப் பேசியிருக்கிறோம். பொறுத்துக்கொண்டீர்கள்.

பென்ஷன் தொடர வருடந்தோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றுக்கு உதவிய நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளே, சாக்பீஸும் வயதும் தேய்த்த விரல்களில் ரேகை விழாது என்று தெரிந்து, முக அடையாள வழியைக் காட்டினீர்கள். போனில் ஆதார் முக ஆர்டி, ஜீவன் பிரமான் ஆகிய இரண்டு செயலிகளும் வேண்டும். முன்பக்கக் கேமரா 5 மெகாபிக்சலாவது இருக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டும், ஆகவே வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வேண்டும். கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கேட்கும்போது கண் சிமிட்ட வேண்டும். முகம் பொருந்தியும் சான்று திரும்புவதற்குப் பெரும்பாலும் நம் ஊர் இனிஷியல் காரணம். பென்ஷன் ஆணையில் ஒரெழுத்தும் ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் இருக்கும். இன்னொரு குழி, செயலியின் பட்டியலில் பென்ஷன் தரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. அரசுக் கல்லூரியில் ஓய்வுபெற்றவருக்குக் கருவூலம். பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்றவருக்குப் பல இடங்களில் நிதிப் பிரிவே தருகிறது. அந்தப் பெயர் பட்டியலில் இல்லை என்றால் கைக்கு வந்த இன்னொரு பெயரைத் தொட்டுவிடக் கூடாது; தாள் சான்றுதான் வழி. பட்டியலில் இடம் இருந்து, படுக்கையில் இருப்பவர் என்றால் சான்று எடுக்கத் தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம், 70 ரூபாய். இதையெல்லாம் எழுதி ஒட்டி வைத்த பிள்ளைகள் இந்த வருடம் படிப்பு முடித்துப் போகிறார்கள். அடுத்து வருபவர்களிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பஸ் படிக்கு முன்னால் மரப்பலகை போடும் ஓட்டுநருக்கும், வெயிலில் கேட்டுக்கு உள்ளே நிழலில் உட்காரச் சொல்லும் தம்பிகளுக்கும் நன்றி.

கடைசியாக வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொள்கிறவருக்கு. காலை வணக்கப் பூக்களைத் தடுத்ததைவிட, இறப்புச் செய்தியை வீட்டாரிடம் ஒரு முறை போனில் கேட்காமல் போடுவதில்லை என்று நீங்கள் வைத்த ஒழுங்கு பெரிது. பெயர், துறை, வீட்டு அடையாளம், எடுக்கும் நேரம் இவ்வளவு மட்டும், படம் கிடையாது. மறைந்தவரின் எண்ணை நீக்கிவிடாமல், துணைவரின் எண்ணைச் சேர்க்கிறீர்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு இறப்புச் சான்று, பென்ஷன் ஆணை, துணைவரின் வங்கிக் கணக்கு, ஆதார் என்று நிதிப் பிரிவு தந்த பட்டியல் அவர்களுக்குப் போவது அதனால்தான்.

நூலக லென்ஸின் கயிறு நைந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது புதுக் கயிறு நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலர்கள்,
வேலூர்