'ப்ளக்' என்றால் பறித்தல் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்கு பழகிய ஆங்கில வினை 'ப்ளக்' (pluck). கொழுந்து எடுப்பதற்கு அதுதான் சொல். ஆனால் எல்லா இடத்திலும் 'பறி' என்றே எழுதுவதால் விடைத்தாளில் பொருள் தலைகீழாகிறது. 'ப்ளக் அப் கரேஜ்' என்பதைத் 'தைரியத்தைப் பறி' என்று எழுதுகிறார்கள். துணிவை வரவழைத்துக்கொள் என்பதே அதன் பொருள்.

பழைய ஆங்கிலத்தில் இது 'ப்ளுக்கியன்'. மயிரைக் குறிக்கும் இலத்தீன் 'பிலுஸ்' வேராக இருக்கலாம் என்பர். கோழி இறகு, புருவ மயிர் பிடுங்குவதற்கு இன்றும் இதே வினைதான். அறுத்த ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலைச் சேர்த்து இழுத்தெடுப்பதால் அந்தக் கொத்தும் 'ப்ளக்' எனப்பட்டது. பயத்தில் 'ஈரக்குலை நடுங்குது' என்கிறோமே, அதே குலை! 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'ப்ளக்' என்ற சொல் நெஞ்சுரத்தையும் குறிக்கத் தொடங்கியது.

ஆகவே எதைச் செய்கிறோம் என்று பார்த்தே தமிழ்ச் சொல்லைத் தேர வேண்டும். வீணை நரம்பை மீட்டுகிறோம், பூவைக் கொய்கிறோம், இறகைப் பிடுங்குகிறோம். கொழுந்தையோ, இரண்டு இலையும் மொட்டுமாக இளந்தண்டில் ஒடித்து எடுக்கிறோம். அங்கே 'பிடுங்கு' என்று எழுதினால் செடியே வேரோடு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
அட்டன்.