அப்பாவிடம் மாத்திரையை மட்டும் விசாரிக்காதே

ஒரத்தநாடு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அதில் எழுதியிருப்பது முழுக்க அப்பாவைப் பற்றியது என்பதால் அவருக்கும் படித்துக் காட்டினேன். இரவும் பகலும் ஓர் ஆளை வைத்துக்கொள்ள வேண்டும், புதாற்றுக் (கல்லணைக் கால்வாய்) கரைக்குப் போவதை நிறுத்த வேண்டும், நோட்டில் எழுதிக் கையை வருத்திக்கொள்ளக் கூடாது, முடிந்தால் கோயம்புத்தூரில் நீ பார்த்து வைத்திருக்கும் முதியோர் குடியிருப்புக்கு இருவரும் மாறிவிட வேண்டும் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். எல்லாமே அன்பினால் எழுதியவை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் அவரிடமிருந்து எதையோ எடுத்துவிடுவதாகவே இருக்கிறது. எதையும் அவர் கையில் கொடுப்பதாக இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வந்திருக்கும், நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் இந்தப் பார்க்கின்சன் நோயை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விவரித்து எழுதினார். இருநூறு ஆண்டுகள் கடந்தும் இதை அடியோடு குணப்படுத்தும் மருந்து வரவில்லை. உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையில் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போகின்றன. லெவோடோபா மாத்திரை அந்தக் குறையைச் சில மணி நேரத்துக்கு ஈடுகட்டுகிறதே தவிர, நோயை நிறுத்துவதில்லை. ஆகவே அப்பா இனி எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் இந்த நோயோடுதான் இருக்கப் போகிறார். உடம்பு தேறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிவைக்க அவருக்கு வழியில்லை. அவருடைய நல்ல நாட்கள் என்று ஏதாவது இருந்தால் அவை இந்த நடுக்கத்தோடு சேர்ந்தே வர வேண்டும். இதை நீ மனத்தில் வாங்கிக்கொண்டால் நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும்.

வீடியோவில் பேசும்போது அப்பா சிரிப்பதே இல்லை, எதிலும் பிடிப்பு இல்லாதவர் போல இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். இந்த நோய் முகத் தசைகளையும் இறுக்கிவிடும். உள்ளே மகிழ்ச்சி இருந்தாலும் அது முகத்துக்கு வந்து சேர்வதில்லை. குரலும் தணிந்துவிடும்; அவர் வழக்கம்போலப் பேசுவதாகவே நினைத்துக்கொண்டிருப்பார், உனக்கோ முணுமுணுப்பாகக் கேட்கும். பதில் சொல்லத் தொடங்கவே சற்று நேரம் ஆகிறது. அந்த இடைவெளியில் நீ அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாய், அல்லது "அம்மா, அப்பா எப்படி இருக்கிறார்?" என்று, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, என்னிடம் கேட்கிறாய். அவர் சொல்ல நினைத்த வார்த்தை அப்படியே நின்றுவிடுகிறது. போன வாரம் நீ வீட்டுக் கடனைப் பற்றிச் சொன்னபோது, வட்டி நிலையானதா மாறக்கூடியதா என்று கேட்க அவர் வாயெடுத்தார். நீ போனை வைத்த பிறகு என்னிடம் கேட்டார். அது உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். பொதுப்பணித்துறையில் பாசன ஆய்வாளராக இருந்த காலத்திலிருந்தே மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகிய மூன்றையும் தினமும் எழுதிவைப்பது அவர் வழக்கம் என்பது உனக்குத் தெரியும். இப்போது அவர் எழுதும் வரி சரியான அளவில் தொடங்கி, போகப் போகக் குறுகி, கடைசி எழுத்துகள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன. இதுவும் நோயின் ஒரு கூறுதான். வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கோடு போட்ட நோட்டில், இரண்டு கோட்டையும் தொடும்படி பெரிதாக எழுதச் சொன்னார். அதனால் சின்னப் பிள்ளைகள் எழுதும் இரட்டைக் கோடு நோட்டு வாங்கி வந்தோம். ஒவ்வொரு எண்ணையும் மேல்கோட்டில் தொடங்கிக் கீழ்க்கோட்டில் முடிக்கிறார். "120 அடி" என்று எழுதி முடிக்க அவருக்கு நேரம் பிடிக்கிறது. ஆனால் எழுதி முடித்த எண் தெளிவாக இருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் இப்போது எல்லோருடைய செல்போனிலும் வருகிறதே என்று நீ கேட்கலாம். வருகிறது. இருந்தாலும், நம் தெருக்கோடியில் குறுவை போடுகிறவர் நாற்றங்கால் விடுவதற்கு முன்னால் இன்னமும் இங்கேதான் வந்து நிற்கிறார். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து புதாற்றில் எத்தனை கனஅடி விட்டால் நம் பிரிவு வாய்க்கால் மதகில் தண்ணீர் ஏறும், முறை வைத்து விட்டால் கடைமடை வயலுக்கு எப்போது போய்ச் சேரும் என்பது செல்போனில் வராது. அது அப்பாவின் தலைக்குள் இருக்கிறது. 2024-இல் வழக்கமான ஜூன் 12 தள்ளிப்போய் ஜூலை 28-இல்தான் அணையைத் திறந்தார்கள். அந்த இடைவெளி முழுவதும், விதையை ஊற வைக்கலாமா, பொறுக்கலாமா என்று கேட்டு எத்தனை பேர் நம் திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள்! அவர்கள் யாரும் நோயாளியைப் பார்க்க வரவில்லை. தங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வந்தார்கள். அந்த வேறுபாட்டை அவர் நன்றாகவே உணர்கிறார். அந்த நோட்டை மூடச் சொல்கிறாயா?

நான் சொல்வது ஒரு மனைவியின் ஆசை மட்டும் அன்று. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்திய ஆய்வை 1976-இல் வெளியிட்டார்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, விரும்பிய செடியை எடுத்து வளர்க்கச் சொன்னார்கள். மற்றொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவது முதல் எல்லாவற்றையும் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். சில வாரங்களிலேயே முதல் தளத்தில் இருந்தவர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்ததாகக் கண்டார்கள். ஓர் இல்லத்தில் நடந்த ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டிவிட முடியாதுதான். ஆனாலும் நம் வீட்டில் நான் பார்ப்பதோடு அது அப்படியே ஒத்துப்போகிறது.

மாத்திரை விஷயத்தையே எடுத்துக்கொள். பருப்பு, முட்டை, பால் போன்ற புரதம் மிகுந்த உணவோடு சேர்ந்தால் லெவோடோபா உடம்பில் சரியாகச் சேர்வதில்லை என்று மருத்துவர் சொன்னார். அதைக் கேட்டு வந்து, காலையில் மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கழித்துத்தான் காபி, சுண்டலும் பருப்பும் இனி ராத்திரிக்கு என்று மாற்றியது அப்பாவே. மருத்துவரிடம் அதைச் சொல்லிச் சம்மதம் வாங்கியதும் அவர்தான். அவர் முடிவு செய்ததால்தான் அது தவறாமல் நடக்கிறது. சட்டைப் பொத்தானையும் அவரே போட்டுக்கொள்கிறார். அதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு நாங்கள் முன்கூட்டியே புறப்படத் தயாராகிறோம், அவ்வளவுதான்.

விழுந்துவிடுவார் என்ற உன் பயம் நியாயமானது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. வாசற்படி அருகே வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும் என்பதால், நடையில் மஞ்சள் நிறப் பட்டைகளைக் குறுக்கே ஒட்டியிருக்கிறோம். அந்தக் கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கினால் நடை தொடங்கிவிடுகிறது. கரைக்குப் போகும்போது கைத்தடியும், துணைக்குப் பக்கத்து வீட்டுப் பையனும் உண்டு. நாற்காலியிலேயே உட்கார வைத்தால் ஆபத்து இல்லை என்று எண்ணாதே. நடக்காத கால் இன்னும் வேகமாகத் தளர்ந்துபோகும். நடையும் பயிற்சியும் இந்த நோய்க்கு நல்லது என்று மருத்துவர்களே வற்புறுத்துகிறார்கள்.

எல்லா நாளும் இப்படியே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். யாரையும் பார்க்க விரும்பாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் நாட்களும் உண்டு. மனச்சோர்வு இந்த நோயோடு பலருக்கும் சேர்ந்தே வருகிறது. கவலையால் மட்டுமல்லாமல், மூளையின் வேதி மாற்றங்களாலும் வருகிறது. அதற்கும் மருத்துவம் உண்டு, அப்பா அதையும் எடுத்துக்கொள்கிறார். அத்தகைய நாட்களில் சொந்தக்காரர்கள் வந்து, "எல்லாம் விதி, சாமியை நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள்" என்று சொல்வது அவருக்குப் பிடிப்பதில்லை. டிவிஎஸ் 50-ஐ விற்றபோது அவர் வருந்தினார். அந்த வருத்தத்தை வருத்தமாகவே இருக்க விட்டேன். இழந்தது இழந்ததுதான் என்று ஒப்புக்கொள்ளும் ஒருவர் பக்கத்தில் இருப்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

உதவிக்கு ஆள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க என் இடுப்பு இடம் கொடுப்பதில்லை. எனக்கும் தூக்கம் வேண்டும். ஆகவே இரவுக்கு ஒருவரை ஏற்பாடு செய்வோம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, இயன்முறை மருத்துவரும் அந்த வழியில்தான் வருகிறார் என்பதால் பகலை நாங்கள் சமாளித்துக்கொள்வோம். வருகிறவரிடம் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: அப்பா தானே செய்கிற வேலையில் அவர் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

உன்னிடம் கேட்பதும் அதுவே. காலை மாத்திரை நன்றாக வேலை செய்யும் ஏழரை மணிவாக்கில் கூப்பிடு. அங்கே உனக்கு இரவு, பேரனும் விழித்திருப்பான். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்பதோடு நிறுத்தாமல், உனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டிய ஏதாவது ஒன்றைக் கேள். கேட்டபின் பொறுத்திரு. கடன் பத்திரத்தின் நகலை அவருக்கு அனுப்பு. படித்துவிட்டு அவர் ஏதாவது சொன்னால், கடைசி முடிவு உன்னுடையதானாலும், அதை எண்ணிப் பார். பேரனுக்குப் பள்ளியில் அணை, ஆறு என்று ஏதாவது பாடம் வந்தால் தாத்தாவிடம் கேட்டு எழுதச் சொல்.

கோயம்புத்தூர் குடியிருப்புக்கு இப்போது முன்பணம் எதுவும் கட்டிவிடாதே. நீ ஊருக்கு வரும்போது அப்பாவையும் அழைத்துக்கொண்டு மூவருமாகப் போய்ப் பார்ப்போம். அவருக்குப் பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவோம். மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்.

அன்புடன்,
அம்மா