பெரிய கண்மாய்க் குமிழித் தூண் கல்வெட்டைக் காத்துத் தரக் கோரும் மனு (6-ஆம் முறை)

அனுப்புநர்:
பெரிய கண்மாய் ஆயக்கட்டு விவசாயி,
வடக்குத் தெரு, செட்டிநாட்டுப் பகுதி.

பெறுநர்:
மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: தொல்லியல் – பெரிய கண்மாய் தென்மடைக் குமிழித் தூண் – தூர்வாரும் வேலையில் உடைக்கப்பட்டது – துண்டுகளை மீட்கவும், எஞ்சிய தூணைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப் பரிந்துரைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் பல்வேறு அலுவலகங்களில் நான் நேரில் அளித்த 5 மனுக்கள். எழுத்துமூலமான பதில்: எதுவும் இல்லை.

ஐயா,

வணக்கம். சென்ற புரட்டாசியில் மரக்கன்று நடும் நிகழ்ச்சிக்கு வந்தபோது தாங்கள் கலுங்கின் (மிகுதி நீர் வழியும் கல்கட்டின்) மேல் நின்று பார்த்த அதே கண்மாயைப் பற்றித்தான் இம்மனு. தென்கரையிலிருந்து உள்வாயில் ஏறக்குறைய 30 அடி தள்ளி, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்பதைக் கண்டு "அது என்ன, கோவிலா?" என்று தாங்கள் கேட்டதும், அருகில் நின்ற நான் "இல்லை ஐயா, குமிழி" என்று சொன்னதும் தங்கள் நினைவில் இருக்கும் என நம்புகிறேன். அந்த இரண்டு தூண்களில் ஒன்று இப்போது அங்கே இல்லை.

1. குமிழியைப் பற்றித் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எனினும், இம்மனு தங்கள் மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்று தெரியாததால் எழுதி வைக்கிறேன். கரையை ஒட்டிக் கட்டும் மதகைப் போலன்றி, கண்மாயின் உள்ளேயே நிற்பது குமிழி. எதிரெதிராக நட்ட இரண்டு கருங்கல் தூண்கள், அவற்றை இணைக்கும் துளையிட்ட குறுக்குக் கற்கள், அந்தத் துளை வழியே ஏறி இறங்கும் கழி, கழியின் அடியில் அடைப்பு, அதற்குக் கீழே கல்தொட்டி, தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் புகுந்து வயலுக்குப் போகும் சுருங்கை: இவ்வளவும் சேர்ந்ததே ஒரு குமிழி. தொட்டியின் மேற்பக்கத்தில் தண்ணீர் இறங்க ஒரு பெரிய துளையும், அடியில் சேறு வெளியேறச் சிறு துளைகளும் உண்டு. சேறோடித் துளை என்று எங்கள் பெரியவர்கள் சொல்லும் அந்த ஓட்டைகள் வழியே வண்டலும் நீரோடு வயலுக்குப் போகும். கண்மாயும் மேடாகாது, வயலுக்கும் உரம். தூரைத் தானே வெளியேற்றும்படி கட்டிய ஓர் அமைப்பைத் தூர்வார வந்த இயந்திரம் உடைத்தது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

2. கடந்த மாசி மாதம், கண்மாய் வற்றிக் கிடந்த நேரத்தில், உள்வாயில் வண்டல் அள்ளும் வேலை நடந்தது. வேலையைக் குறை சொல்ல நான் வரவில்லை. மழையை நம்பிப் பிழைக்கும் இந்தச் செம்மண் பூமியில், ஊருணி குடிக்கவும் கண்மாய் பயிருக்கும் என்று வகுத்து வாழ்ந்த எங்களுக்குத் தூர்வாருதலின் அருமை தெரியும். ஆனால் மடையைச் சுற்றிக் கையால்தான் மண் வெட்ட வேண்டும் என்று ஆயக்கட்டுக்காரர்கள் (இக்கண்மாய் நீரில் பயிர் செய்பவர்கள்) முந்தைய நாளே சொல்லியிருந்தும், வேலை எடுத்தவரின் ஆட்கள் விடியுமுன் இயந்திரத்தை இறக்கினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கிழக்குத் தூண் மூன்று துண்டாகக் கிடந்தது. மேற்குத் தூண் ஒரு சாண் அளவுக்குச் சாய்ந்திருந்தது.

3. கிழக்குத் தூணின் செதுக்கிய முகத்தில் 11 வரிக் கல்வெட்டு இருந்தது. கோதுமை மாவைக் கல்லின் மேல் உலரத் தேய்த்து, மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். என் தகப்பனார் எனக்கு அப்படித்தான் காட்டினார். முதல் வரியில் "ஸ்வஸ்தி ஸ்ரீ". 8-ஆம் வரியில் "இக்குமிழி". 10-ஆம் வரியில் "செய்வித்தான்". நடுவில் உள்ள 9-ஆம் வரியில்தான் செய்வித்தவரின் பெயர். அந்தப் பெயரின் முதலெழுத்து "க"வா "த"வா என்று என் தகப்பனாரும் நானும் பல வருடம் வாதாடியிருக்கிறோம்.

ஐயா, கல் உடைந்தது அந்த 9-ஆம் வரியில்.

மேல்துண்டின் கீழ்விளிம்பில் எழுத்துகளின் தலைகள் மட்டும் இருக்கின்றன. நடுத்துண்டின் மேல்விளிம்பில் அவற்றின் கால்கள் மட்டும் இருக்கின்றன. இடையில் இருந்த சில்லுகள் வண்டலோடு டிப்பர் லாரியில் ஏறி, யாருடைய வயலிலோ கொட்டப்பட்டுவிட்டன. அந்த வயல் எது என்று விசாரித்து மூன்று நாள் நானும் என் மருமகனும் சல்லடை வைத்துச் சலித்தோம். கைக்கு அகப்பட்டது உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு சில்லு. அதில் ஒரு கோடு இருக்கிறது. அது எழுத்தா, இயந்திரத்தின் பல் பட்ட கீறலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மீதித் துண்டுகளின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். அடித்துண்டு இன்னும் சேற்றுக்குள் நிற்கிறது. நடுத்துண்டின் மேல்தான் கரைச் சுவருக்குச் சிமெண்டுக் கலவை குழைத்தார்கள். அதன் பாதி எழுத்தில் சிமெண்டுப் பால் இறுகிக் கிடக்கிறது. மேல்துண்டு படித்துறையில் துவைகல்லாகிவிட்டது. எழுத்து மேலே தெரியும்படி கிடந்த அதைக் குப்புறத் திருப்பிப் போடலாம் என்று நான் கேட்டபோது, "அந்தப் பக்கம் சொரசொரப்பு அண்ணே, துணி கிழியும்" என்று ஓர் அம்மாள் சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். எழுத்து வெட்டுவதற்காகச் சிற்பி இழைத்த முகம் அது, வழவழப்பாகத்தான் இருக்கும். இது இன்ன கல் என்று ஒரு தகரப் பலகையாவது அரசு வைத்திருந்தால் அந்த அம்மாள் அதில் சோப்புப் போட்டிருக்கமாட்டார். ஐந்து மாதமாக, நாள்தோறும், "ஸ்வஸ்தி ஸ்ரீ" அடி வாங்கிக்கொண்டிருக்கிறது.

4. சட்டத்தைப் பற்றி: "உங்கள் கல் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இல்லை" என்று ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். உண்மை. திருமயம் கோட்டையும் சித்தன்னவாசலும் 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் எனவும் உள்ளது. மாநில அரசுக்கும் 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. பட்டியலில் ஏறிய சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவர் எழுப்ப முடியாது. ஏறாத சின்னத்தையே இயந்திரம் வைத்து உடைக்கலாம். இது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. பட்டியல் தானாக வளராது, யாராவது பரிந்துரைத்தால்தான் வளரும். 100 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கல்வெட்டும் ஒற்றைக்கல்லும்கூட நினைவுச்சின்னம் என்று மத்தியச் சட்டத்தின் விளக்கப் பிரிவே சொல்கிறது. அதுபோல, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டு கடந்த கல்வெட்டைத் தொல்பொருளாகவே கொள்கிறது. மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கண்டவர் ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். எங்கள் கல் செய்த பிழை, மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளாமல் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றதுதான் போலும்.

5. பார்வையில் கண்ட மனுக்களுக்கு நான் பெற்ற வாய்மொழிப் பதில்கள். ஓர் அலுவலகம்: கண்மாய் எங்களுடையது, கல் எங்களுடையதன்று. மற்றொன்று: கல் எங்களைச் சேரலாம், நிலம் எங்களுடையதன்று. மூன்றாவது அலுவலகத்தில் கல்லின் உரிமையாளர் யார், பட்டா உண்டா என்று கேட்டார்கள். கண்மாய்ப் புறம்போக்கில் நிற்கும் கல்லுக்கு நான் பட்டாவுக்கு எங்கே போவேன்? புல எண் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் போனபோது அந்தத் தாளைக் காணவில்லை என்று மறுபடியும் எழுதித் தரச் சொன்னார்கள்; எழுதிக் கொடுத்தேன். "பழைய கல்லுக்காக ஏன் அலைகிறீர்கள், கான்கிரீட்டில் புது மடை வைத்துத் தருகிறோமே" என்று ஒருவர் அன்பாகவே சொன்னார். புது மடை வேண்டாம் என்று எந்த மனுவிலும் நான் எழுதவில்லை ஐயா. புது மடையைப் பத்தடி தள்ளி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

நம் தொன்மையைப் போற்றிக் காப்பது குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறதாம். என் கடமையைச் செய்வதற்காக இதுவரை ஐந்து முறை பேருந்து ஏறியிருக்கிறேன், நடவு நாளில் ஒருமுறை. அரசின் கடமையைச் சொல்லும் 49-ஆம் பிரிவும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பதாகப் பெருமைப்படுகிறோம். இங்குள்ள பெரிய வீடுகளின் முகப்பையும் வளவையும் (உள்முற்றத்தையும்) பர்மாத் தேக்குத் தூணையும் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் வருகிறார்கள். வரட்டும், நல்லதே. அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வயது நூறோ நூற்றைம்பதோ. அவை எழுவதற்குப் பல நூறு ஆண்டு முன்பே இங்கே ஒருவர் தண்ணீருக்கு வழி செய்து, அதைக் கல்லில் எழுதியும் வைத்தார்.

6. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, துவைகல்லாகக் கிடக்கும் துண்டையும் சிமெண்டுப் படிந்த துண்டையும் உடனே எடுத்து வட்ட அலுவலகத்திலோ அரசு அருங்காட்சியகத்திலோ பத்திரப்படுத்தவும், சேற்றிலுள்ள அடித்துண்டைத் தொல்லியல் துறையினர் முன்னிலையில் கையால் தோண்டி எடுக்கவும், அனைத்தையும் மைப்படி (எழுத்தின் மேல் தாள் ஒற்றி மையால் எடுக்கும் படி) எடுத்துப் பதிவு செய்யவும், எஞ்சிய மேற்குத் தூணையும் கல்தொட்டியையும் சுருங்கையையும் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்குமாறு அரசுக்குப் பரிந்துரைக்கவும், இனி எந்தக் கண்மாயில் இயந்திரம் இறங்கினாலும் அதற்கு முன் மடைக்கற்களைப் பார்த்துப் படமெடுத்துக் குறித்துக்கொள்ள உத்தரவிடவும் வேண்டுகிறேன்.

7. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாது என்பதை அறிவேன். ஆனால் மேற்குத் தூண் காத்திருக்காது. அதற்கு மண் அணைத்து, சவுக்குக் கம்பால் மூன்று பக்கம் முட்டுக் கொடுத்திருக்கிறேன். மிச்ச வேலையை முடிக்க ஆவணி பிறந்ததும் இயந்திரம் மறுபடி வரும் என்று சொல்கிறார்கள். அது வராவிட்டாலும், ஐப்பசியில் நீர் பெருகினால் சவுக்குக் கம்பு எத்தனை நாள் தாங்கும்? ஆடிப் பதினெட்டன்று மடைக்கருப்பருக்குப் பொங்கல் வைக்கும்போது இரண்டு தூணுக்கும் சந்தனம் பூசுவது எங்கள் வழக்கம். இந்த வருடம் ஒரு தூணுக்கு மட்டும் பூசினோம். மேற்குத் தூணிலும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே நான்கு வரி இருக்கிறது ஐயா. அதை இதுவரை யாரும் படியெடுத்ததில்லை. அந்தத் தூணையாவது காத்துத் தாருங்கள். ஒரு கிராம உதவியாளரை அனுப்பி, இயந்திரம் 30 அடிக்குள் வரக்கூடாது என்று ஒரு கயிறு கட்டச் சொன்னால்கூட இப்போதைக்குப் போதும். கயிறு நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
பெரிய கண்மாய் ஆயக்கட்டுதாரர்கள் 43 பேர் சார்பில்.

இணைப்பு:
முந்தைய மனுக்களின் நகல்கள் – 5
உடைந்த துண்டுகளின் புகைப்படங்கள் – 8
ஆயக்கட்டுதாரர்கள் கையொப்பம் – 2 தாள்
கிழக்குத் தூண் கல்வெட்டில் என் தகப்பனார் பார்த்தெழுதிய நோட்டுத் தாளின் நகல் – 1 (9-ஆம் வரி நீங்கலாக)