10 மெகாஹெர்ட்ஸ் வரை 40 வோல்ட் என்று விற்கப்பட்ட ஆம்ப்ளிஃபையர் பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பீசோ டிரான்ஸ்டியூசர்களை (மின்சாரத்தை அதிர்வாக மாற்றும் கருவிகளை) பல அதிர்வெண்களில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. சோதனை அலைகளை உண்டாக்கும் சிக்னல் ஜெனரேட்டர் தரும் வோல்டேஜ் அதற்குப் போதாததால் உங்கள் ஆம்ப்ளிஃபையரை வாங்கினேன். பெட்டியின் மேல் "10 மடங்கு பெருக்கம், டிசி முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை, 40 வோல்ட் பீக்-டு-பீக்" என்று ஒரே வரியில் போட்டிருக்கிறீர்கள். அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன்.

உள்ளீட்டில் 4 வோல்ட் பீக்-டு-பீக் (அலையின் அடியிலிருந்து உச்சி வரை உள்ள உயரம்) கொடுத்துச் சோதித்தேன். ஜெனரேட்டர் காட்டும் எண்ணை நம்பவில்லை. வெளியீட்டில் 50 ஓம் லோடு (சுமை) இருப்பதாக எண்ணி அது காட்டும் அளவு, லோடு இல்லாவிட்டால் இரட்டிப்பாகிவிடும். ஆகவே அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தே 4 வோல்ட் வைத்தேன். 500 கிலோஹெர்ட்ஸ் வரை குறை சொல்ல ஒன்றுமில்லை, 40 வோல்ட் அப்படியே வருகிறது. 1 மெகாஹெர்ட்ஸில் சைன் அலையின் பக்கங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகத் தொடங்குகின்றன. 2 மெகாஹெர்ட்ஸில் அது முழு முக்கோண அலை, உயரமும் பாதி, சுமார் 20 வோல்ட். 10 மெகாஹெர்ட்ஸில் வெளியே வருவது வெறும் 4 வோல்ட். ஜெனரேட்டர் கொடுத்த அதே 4 வோல்ட்! உள்ளே போனதே வெளியே வர நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபையர் எதற்கு?

உங்கள் சேவைப் பிரிவினர் முதலில் ஸ்கோப்போடு இணைக்கும் அளவீட்டு முனையான ப்ரோப் மீது பழி போட்டார்கள். அதே 10எக்ஸ் ப்ரோப்பை ஜெனரேட்டரில் நேராக மாட்டினால் 10 மெகாஹெர்ட்ஸிலும் சைன் அலை அழகாகத் தெரிகிறது. அப்புறம் லோடு அதிகம் என்றார்கள். டிரான்ஸ்டியூசரை நான் இன்னும் இணைக்கவே இல்லை. கடைசியில் "உள்ளீட்டைக் குறைத்துப் பாருங்கள்" என்றார்கள். சரி, 100 மில்லிவோல்ட் கொடுத்தேன். 10 மெகாஹெர்ட்ஸிலும் பெருக்கம் நன்றாகவே இருந்தது. கோளாறு என்னவென்று அதிலேயே தெரிந்துவிட்டது.

காரணம் உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: ஸ்லூ ரேட், அதாவது வெளியீட்டு வோல்டேஜ் மாறக்கூடிய அதிகபட்ச வேகம், மைக்ரோ விநாடிக்கு 80 வோல்ட். 40 வோல்ட் பீக்-டு-பீக் என்றால் உச்சம் 20 வோல்ட். அந்த உயரத்தில் 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலை வர, 2 பை, அதிர்வெண், உச்சம் மூன்றையும் பெருக்கினால் மைக்ரோ விநாடிக்குச் சுமார் 1,257 வோல்ட் வேகம் தேவை. உங்களிடம் இருக்கும் 80-ஐ வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் முழு வோல்டேஜ் சுமார் 637 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது. நான் ஸ்கோப்பில் பார்த்ததும் அதுதான். ஆக, என் கையில் இருப்பது பழுதான பெட்டி இல்லை. இதே மாடலில் இன்னொன்று அனுப்பினாலும் இதே கதைதான்.

சிறு சிக்னலுக்கான பேண்ட்விட்த்தையும் (பெருக்கம் கிடைக்கும் அதிர்வெண் வரம்பையும்) பெரிய சிக்னலுக்கான வோல்டேஜையும் தனித்தனியாக அளந்து, இரண்டும் ஒன்றாகக் கிடைப்பதுபோல் ஒரே வரியில் அச்சடித்திருக்கிறீர்கள். எண்கள் தனித்தனியே சரிதான், வரி பொய். வோல்டேஜைக் கூட்டத்தான் இதை வாங்குகிறார்கள். 100 மில்லிவோல்ட்டை 1 வோல்ட் ஆக்க இத்தனை பெரிய பெட்டி யாருக்கும் வேண்டாம்.

எனவே முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அல்லது 10 மெகாஹெர்ட்ஸில் உண்மையிலேயே 40 வோல்ட் தரும் மாடலை, அந்த அளவீட்டின் ஸ்கோப் படத்தோடு அனுப்புங்கள். பெட்டியிலும் விளம்பரத்திலும் முழு வோல்டேஜ் எந்த அதிர்வெண் வரை கிடைக்கும் என்பதையும் அச்சிடுங்கள். ரசீது நகலும் ஸ்கோப் திரைப் படங்களும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பை அணுகுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்